யார் யாருக்கு ரிப்போர்ட்? டீம், மேனேஜர், அப்ரைசல் பற்றிக் கேள்வி பதில்

இன்ஜினியராகத் தொடங்கி, மேனேஜராகி, இப்போது மேனேஜர்களுக்கு மேனேஜராக இருக்கிறேன். டீம் அமைப்பு, அப்ரைசல், புது லீட்களின் தலைவலி பற்றியெல்லாம் கேளுங்கள். சம்பளப் பேரமும் சட்டமும் என் துறை கிடையாது.

புது லீட்: வணக்கம் சார். போன மாதம் வரை கூட உட்கார்ந்து கோட் எழுதியவர்களுக்கு இப்போது நான் லீட். அதில் ஒருவர் என்னைவிட சீனியர், இந்தப் பதவி தனக்கு வரும் என்று இருந்தவர். இப்போது மீட்டிங்கில் வாயே திறப்பதில்லை. எங்கிருந்து தொடங்க?

அவரிடமிருந்துதான். இந்த வாரமே தனியாகக் கூப்பிட்டு, "இது உங்களுக்கு வரும்னு எதிர்பார்த்திருப்பீங்க, எனக்குத் தெரியும்" என்று நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள். அவர் மறுப்பார். மறுக்கட்டும். சொன்னது சொன்னதாக இருக்கும். அப்புறம் எந்த முடிவுகளைத் தன் கையில் வைத்துக்கொள்ள விரும்புகிறார் என்று கேளுங்கள். டிசைன் ரிவ்யூவில் கடைசி வார்த்தை அவருடையது என்றால், அதை டீமுக்கு எழுத்திலேயே தெரிவியுங்கள். தெரிவித்த பிறகு அந்த முடிவில் நீங்கள் கை வைக்கக்கூடாது, உங்களுக்குப் பிடிக்காத டிசைன் வந்தாலும்.

எல்லாருடனும் வாரம் அரை மணி நேரம் தனியாகப் பேசுங்கள். சிப் கம்பெனி இன்டெல்லை நடத்தியவர்களில் ஒருவரான ஆண்டி குரோவ் 1983-லேயே இதைப் பற்றி விரிவாக எழுதிவிட்டார்: அந்த மீட்டிங் கீழே இருப்பவருடையது, என்ன பேசுவது என்பதை அவர்தான் கொண்டுவர வேண்டும் என்பது அவர் கட்சி. ஆனால் முதல் சில வாரம் எல்லாரும் ஸ்டேட்டஸ்தான் ஒப்பிப்பார்கள், அதுதான் பாதுகாப்பு. டிக்கெட்டில் (வேலைகளைப் பதியும் பட்டியலில்) இருப்பதை வாயால் கேட்டு நேரத்தை வீணாக்காதீர்கள். நான் கேட்பது ஒரே கேள்வி: "இந்த வாரம் எதுக்காகக் காத்துக்கிட்டு இருந்தீங்க?" ஒருவர் ரிவ்யூவுக்கு என்பார், இன்னொருவர் டெஸ்ட் சர்வருக்கு என்பார், ஒருவர் தயங்கித் தயங்கி உங்களுக்காகத்தான் என்பார். அந்த மூன்றாவது ஆள் உங்களை நம்பத் தொடங்கிவிட்டார்.

கோட் எழுதுவதை விட வேண்டாம். ஆனால் ரிலீஸுக்குக் கட்டாயம் வேண்டிய வேலையை எடுக்காதீர்கள். மீட்டிங்குக்கு நடுவில் அது முடியாது, டீம் மொத்தமும் உங்களுக்காக நிற்கும்.

கிளைப்பாதை: மேனேஜர் ஆனால்தான் சம்பளம் ஏறுமா, டெக்னிக்கலாகவே இருந்தால் ஏறாதா?

உங்கள் கம்பெனியில் மேனேஜருக்கு ஒன்று, டெக்னிக்கல் ஆளுக்கு ஒன்று என்று இரண்டு பதவி ஏணி இருக்கிறதா என்று பாருங்கள். கம்ப்யூட்டர் கம்பெனியான ஐ.பி.எம். 1960-களிலேயே 'ஃபெலோ' பதவியை உருவாக்கியது, ஆள் மேய்க்காமலும் உயரத்துக்குப் போகலாம் என்பதற்காக. ஏணி காகிதத்தில் இருந்தால் போதாது. அதில் மேலே உண்மையிலேயே யாராவது உட்கார்ந்திருக்கிறார்களா என்று விசாரியுங்கள்.

நள்ளிரவு ரிலீஸ்: ஃப்ரண்ட் எண்ட் (திரையில் தெரிவது), பேக் எண்ட் (சர்வரில் ஓடுவது), டேட்டாபேஸ் மூன்றும் தனித்தனி டீம், தனித்தனி மேனேஜர். ஒரு ஃபார்மில் ஒரே ஒரு ஃபீல்டு சேர்க்க ஆறு வாரம் ஆகிறது. எல்லாருமே திறமைசாலிகள். கோளாறு எங்கே?

நீங்கள் கேட்டதில்தான் இன்றைக்கு நான் சொல்ல விரும்பும் விஷயமே இருக்கிறது.

அந்த ஒரு ஃபீல்டின் பின்னாலேயே போய்ப் பாருங்கள். டேட்டாபேஸில் ஒரு நெடுவரிசை சேர்க்க அரை நாள். ஆனால் அந்த டீமின் ஸ்பிரிண்ட், அதாவது இரண்டு வார வேலைத் திட்டம், ஏற்கெனவே நிரம்பிவிட்டது, அதனால் அடுத்ததில் எடுப்பார்கள். இரண்டு வாரம் போச்சு. நெடுவரிசை வந்த பிறகு பேக் எண்ட் டீமுக்கு ஏ.பி.ஐ. (ஃப்ரண்ட் எண்ட் தகவல் கேட்டு வாங்கும் வழி) மாற்ற ஒரு நாள், வரிசையில் நிற்க இரண்டு வாரம். அப்புறம் ஃப்ரண்ட் எண்டிலும் அதே கதை. கை வைத்து வேலை செய்தது எல்லாம் சேர்ந்து மூன்று நாள் தேறாது. மீதி அத்தனையும் காத்திருப்பு. அந்தக் காத்திருப்பை உங்கள் டிக்கெட் சிஸ்டம் எந்த டீமின் கணக்கிலும் எழுதாது. மூன்று மேனேஜரும் "எங்க பக்கம் லேட் இல்லை" என்பார்கள், மூவரும் சொல்வது உண்மைதான்.

மெல்வின் கான்வே என்ற புரோகிராமர் 1967-ல் இதை எழுதி ஹார்வர்ட் பிசினஸ் ரிவ்யூவுக்கு அனுப்பினார். நிரூபிக்கவில்லை என்று திருப்பிவிட்டார்கள். 1968 ஏப்ரலில் டேட்டமேஷன் இதழில் வந்தது. ஓர் அமைப்பு எதை டிசைன் செய்தாலும், அந்த அமைப்புக்குள் யார் யாரோடு பேசுகிறார்கள் என்பதன் அச்சாகத்தான் அது வெளிவரும் என்பது அவர் வாதம். 1975-ல், ஐ.பி.எம்.மில் பெரிய சாஃப்ட்வேர் ப்ராஜெக்ட் நடத்திய ஃபிரெட் புரூக்ஸ் தன் புத்தகத்தில் அதற்குக் கான்வே விதி என்று பெயர் கொடுக்க, அது நிலைத்துவிட்டது. உங்கள் சாஃப்ட்வேர் மூன்று அடுக்காக இருப்பது தொழில்நுட்பத் தேவையால் என்று நினைத்துக்கொண்டிருப்பீர்கள். மூன்று மேனேஜர்கள் இருப்பதும் ஒரு காரணம்.

தீர்வு, ஆளை வேலையைச் சுற்றி உட்கார வைப்பது. பேமெண்ட் என்றால் அதற்கு வேண்டிய மூன்று வகை ஆளும் ஒரே டீமில், ஒரே மேனேஜரின் கீழ். அதற்கும் விலை உண்டு. டேட்டாபேஸ் ஆட்கள் சிதறிப்போனால் ஒவ்வொரு டீமும் தன் இஷ்டத்துக்கு டேபிள் கட்டும், பேக்கப் யார் பொறுப்பு என்று யாருக்கும் தெரியாது. அதனால் பேக்கப், மைக்ரேஷன் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றும்) கருவிகளுக்கு மட்டும் ஒரு சின்ன பிளாட்ஃபார்ம் டீமை மிச்சம் வையுங்கள். மற்ற டீம்கள் அதன் வாடிக்கையாளர்கள். அந்த டீம் அனுமதி கொடுக்கும் டீமாக மாறினால் பழைய வரிசை திரும்ப வந்துவிடும்.

ஒரு எச்சரிக்கை. இப்படிப் பிரிக்கும்போது, "டேட்டாபேஸ் ஆள் பேமெண்ட் மேனேஜருக்கும் ரிப்போர்ட், பழைய டேட்டாபேஸ் தலைவருக்கும் புள்ளிக்கோடு ரிப்போர்ட்" என்று, அதாவது படத்தில் புள்ளிக்கோடு போட்டு இரண்டாவது மேனேஜரைக் காட்டி, யாராவது சமரசம் பேசுவார்கள். வேண்டாம். ஒருவருக்கு ஒரே மேனேஜர். அப்ரைசலை யார் எழுதுகிறாரோ அவர்தான் மேனேஜர், புள்ளிக்கோடு என்பது பதவி போன ஒருவரைச் சமாதானப்படுத்தப் போடும் கோடு.

ஸ்குவாட்: அப்படியென்றால் பாட்டு ஆப் கம்பெனி ஸ்பாட்டிஃபையின் டீம் அமைப்பு, அந்த ஸ்பாட்டிஃபை மாடல்தானே நல்லது? எங்கள் டைரக்டர் ஆட்களை டிரைப், சாப்டர், கில்ட் என்ற குழுக்களாகப் பிரித்துப் படம் வரைந்து காட்டினார்.

ஹென்ரிக் நீபெர்க்கும் ஆண்டர்ஸ் இவார்சனும் 2012-ல் எழுதிய ஆவணம் அது. அதிலேயே, இது இன்றைய நிலையின் ஒரு படம் மட்டும், பயணம் முடியவில்லை என்று எழுதியிருக்கிறார்கள். படித்தவர்கள் அந்த வரியை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் எடுத்துக்கொண்டார்கள். ஸ்பாட்டிஃபைக்காரர்கள் எந்தத் தொல்லையிலிருந்து தப்பிக்க அப்படிப் பிரிந்தார்கள், உங்களுக்கு அந்தத் தொல்லை இருக்கிறதா என்று டைரக்டரைக் கேளுங்கள். அந்தப் படத்தில் வேலையைச் சொல்பவர் ஒருவர், சாப்டர் லீட் என்று மேனேஜர் இன்னொருவர். புள்ளிக்கோடு பற்றி மேலே சொன்னதைப் படியுங்கள்.

பதினாறு பேர்: ஒரு மேனேஜருக்கு எத்தனை பேர் இருக்கலாம்? என்னிடம் பதினாறு. சிப் கம்பெனி என்விடியாவின் தலைவர் ஜென்சன் ஹுவாங்கிடம் ஒரு கட்டத்தில் அறுபது பேர் வரை நேரடியாக ரிப்போர்ட் செய்தார்களாமே?

ஆறிலிருந்து எட்டு என்றார் குரோவ், என் அனுபவமும் அதேதான். ஹுவாங்குக்கு ரிப்போர்ட் செய்பவர்கள் ஆளுக்கொரு பெரிய பிரிவையே நடத்துபவர்கள். உங்கள் பதினாறு பேரில் எத்தனை பேர் போன மாதம் சேர்ந்தவர்கள்?

அஞ்சல்: நோட்டீஸ் கொடுக்காமல் வேலையை விட்டு நிறுத்தினால் இழப்பீடு கேட்க முடியுமா?

தொழிலாளர் சட்டம் தெரிந்த வக்கீலிடம் போங்கள். ஆஃபர் லெட்டரையும் கடைசி மூன்று சம்பளச் சீட்டையும் எடுத்துக்கொண்டு போங்கள்.

சராசரி: என் டீமில் எட்டு பேர். எட்டுப் பேரும் நன்றாகவே செய்தார்கள். ஒருவருக்குக் கட்டாயம் கடைசி ரேட்டிங் போடச் சொல்கிறார்கள். யாருக்குப் போட?

மேலே இந்தக் கணக்கை அனுப்புங்கள். நூறு டீம், டீமுக்கு எட்டு பேர், மொத்தம் 800. உண்மையிலேயே பின்தங்கிய 10 சதவீதம் என்றால் 80 பேர். இவர்கள் சீட்டுக் குலுக்கிப் போட்ட மாதிரி எல்லா டீமிலும் சிதறிக்கிடந்தால், சுமார் 43 டீம்களில் அப்படி ஒருவர்கூட இருக்கமாட்டார். டீமுக்கு ஒருவர் என்று கட்டாயப்படுத்தினால் அந்த 43 டீமிலும் தலா ஒருவர் சும்மா 'தேறவில்லை' முத்திரை வாங்குவார். மற்ற 57 டீமில் 57 பேர் பிடிபடுவார்கள். 80-ல் 23 பேர், தன்னைவிட மோசமான ஒருவர் பக்கத்தில் இருந்த புண்ணியத்தில் தப்பித்துவிடுவார்கள்.

மனிதவளம்: குறுக்கிடுவதற்கு மன்னிக்கவும், நான் எச்.ஆர். கட்டாயம் இல்லையென்றால் எல்லா மேனேஜரும் எல்லாருக்கும் 'எதிர்பார்ப்பைத் தாண்டினார்' என்று போடுகிறார்கள். இன்கிரிமெண்ட் பட்ஜெட் ஒன்றுதானே இருக்கிறது?

ரேட்டிங் வீங்கும் என்பது உண்மை. ஆனால் பற்றாக்குறை பணத்தில்தான். பணத்தை டீமுக்கு இவ்வளவு என்று கொடுத்து மேனேஜரையே பிரிக்கச் சொல்லுங்கள். 'தேறவில்லை' என்ற முத்திரைக்கு எதற்கு ஒதுக்கீடு?

மனிதவளம்: கேலிபிரேஷன் மீட்டிங் அதற்குத்தானே. எல்லா மேனேஜரும் உட்கார்ந்து ஒப்பிட்டு முடிவு செய்கிறோம்.

அந்த மீட்டிங்கில் நானும் உட்கார்ந்திருக்கிறேன். மாலை ஆகிவிட்டது, கடைசி ரேட்டிங்கில் இன்னும் இரண்டு கட்டம் காலி. அப்போது யார் பெயர் வரும்? புதிதாகச் சேர்ந்தவர், பாதி வருடம் விடுப்பில் இருந்தவர், ஏற்கெனவே பேப்பர் போட்டுவிட்டவர். "அவர்தான் போகப்போறாரே, அவருக்கே போட்டுடலாம்" என்ற வாக்கியத்தை நீங்களும் கேட்டிருப்பீர்கள்.

மனிதவளம்: கேட்டிருக்கிறேன். ஆனாலும் ஜாக் வெல்ச் தலைவராக இருந்தபோது ஜெனரல் எலெக்ட்ரிக் (ஜி.இ.) கம்பெனி வளரவில்லையா? மேலே 20, நடுவில் 70, கடைசியில் 10 சதவீதம் என்று ஆட்களைக் கட்டாயமாகப் பிரிக்கும் 20-70-10 வளைவு அவர் கொண்டுவந்ததுதான்.

வளர்ந்ததற்கு அதுதான் காரணம் என்று யார் சொன்னது? ஜி.இ.யே பின்னாளில் அதைக் கைவிட்டது. மைக்ரோசாஃப்ட் 2013 நவம்பரில் வளைவை எடுத்தது. டீமுக்குள்ளேயே ஒருவருக்கொருவர் போட்டி என்று ஆனபிறகு கெட்டிக்காரர்கள் இன்னொரு கெட்டிக்காரரின் டீமுக்குப் போகத் தயங்குவார்கள். பக்கத்து ஆளுக்கு உதவினால் நம் ரேட்டிங் குறையும் என்றால் யார் உதவுவார்?

மூன்றாம் மாடி: எங்கள் மேனேஜர் கடைசி ரேட்டிங்கை முறை வைத்துக் கொடுக்கிறார். போன வருடம் எனக்கு, இந்த வருடம் பக்கத்து சீட். நியாயமாகத்தானே இருக்கிறது!

எச்.ஆர். நண்பர் இதைப் படிக்கட்டும்.

மனிதவளம்: படித்தேன். ஒன்று சொல்லுங்கள். வேலை செய்யாதவரிடம் மேனேஜர் நேரே சொல்வதே இல்லை, வருடம் முழுக்க இனிக்க இனிக்கப் பேசுகிறார். அவரை எப்படிச் சொல்ல வைப்பது? அதனால்தான் வளைவு.

இப்போது விஷயத்துக்கு வந்தீர்கள். முகத்துக்கு நேரே சொல்லத் தைரியம் இல்லாத மேனேஜருக்குப் பதிலாக ஒரு ஃபார்முலாவை உட்கார வைத்திருக்கிறீர்கள். அது தைரியம் இருக்கிற மேனேஜரையும் சேர்த்துக் கட்டிப்போடுகிறது. நான் செய்வது இது: எனக்குக் கீழே உள்ள மேனேஜரிடம் மாதா மாதம், "உங்க டீமில் யார் திணறுறாங்க, அவங்ககிட்ட என்ன வார்த்தை சொன்னீங்க?" என்று கேட்பேன். சொன்ன வார்த்தையையே கேட்பேன், சாராம்சம் வேண்டாம். அடுத்த மாதமும் "இன்னும் பேசலை" என்றால் திணறுபவர் அந்த மேனேஜர்தான். டிசம்பரில் வளைவு கண்டுபிடித்துச் சொல்ல ஒன்றும் மிச்சம் இருக்காது.

மனிதவளம்: 2,000 பேர் கம்பெனியில் இதை யார் செய்வது?

உங்களிடம் 250 மேனேஜர்கள் இருப்பார்களே, அவர்கள் வேறு என்ன செய்கிறார்கள்? சரி, ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். கம்பெனி ஆட்களை மொத்தமாக வைத்து, எங்கேயாவது ரேட்டிங் அளவுக்கு மீறி வீங்கியிருக்கிறதா என்று பார்க்க வளைவு உதவும். பார்க்க மட்டும்.

கோட்பிரியன்: சண்டை முடிந்தால் என் கேள்விக்கு வரலாமா? எத்தனை கமிட் (கோட் மாற்றத்தைச் சேமித்துப் பதிவது) செய்தோம் என்ற எண்ணிக்கையை வைத்து எங்களை அளக்கிறார்கள்.

1982-ல் ஆப்பிளின் லிசா கம்ப்யூட்டர் டீமில் வாரா வாரம் எத்தனை வரி கோட் எழுதினாய் என்று படிவம் நிரப்பச் சொன்னார்கள். பில் அட்கின்சன் ஒரு பகுதியைத் திருத்தி எழுதி வேகமாக்கியதில் 2,000 வரி குறைந்துவிட்டது. படிவத்தில் −2000 என்று எழுதிக் கொடுத்தார். சில வாரத்தில் அவரிடம் படிவம் கேட்பதை விட்டுவிட்டார்கள்.

வீட்டிலிருந்து: லேப்டாப்பில் மவுஸ் நகர்வதைக் கண்காணிக்கும் சாஃப்ட்வேர் போடலாமா? டீம் முழுக்க வீட்டிலிருந்துதான் வேலை.

மவுஸ் நகர்ந்தது தெரியும். வேறு ஒன்றும் தெரியாது.

ஏணி: அண்ணா, மேனேஜர் ரோல் எடுத்தால் சம்பளம் கூடுமா?

தம்பி, மேலே கிளைப்பாதை இதையே கேட்டிருக்கிறார்.

கெடு: ப்ராஜெக்ட் மூன்று மாதம் லேட். ஆறு பேர் டீமுக்கு இன்னும் ஆறு பேர் தருகிறேன் என்கிறார் டைரக்டர். வாங்கிக்கொள்ளவா?

ஆறு பேருக்குள் பேச்சுவார்த்தை ஜோடிகள் 15. பன்னிரண்டு பேருக்குள் 66. புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கப் போவது உங்கள் பழைய ஆறு பேர்தான். லேட்டான ப்ராஜெக்டில் ஆள் சேர்த்தால் இன்னும் லேட்டாகும் என்று புரூக்ஸ் எழுதியது ஐ.பி.எம்.மின் ஓ.எஸ்./360 என்ற சாஃப்ட்வேர் ப்ராஜெக்டில் பட்டுத் தெரிந்துகொண்டது. மறுக்க முடியாவிட்டால் இரண்டு பேரை மட்டும் வாங்கி, டெஸ்ட் எழுத விடுங்கள். மீதி நால்வருக்குப் பதிலாக நான்கு ஃபீச்சரைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள். ஆறு பேரும் வேறு யாருக்கோ புள்ளிக்கோடு ரிப்போர்ட் என்றால் ஒருவர்கூட வேண்டாம்.

லீடா ஆர்க்கிடெக்டா: டீம் லீட் ஆவதா, ஆர்க்கிடெக்ட் ஆவதா? எதில் சம்பளம்...

மேலே.

புதுப் படம்: மூன்று வருடத்தில் நான்காவது ரீஆர்க் (டீம் அமைப்பையே மாற்றுவது). இந்த முறை புது அமைப்பை வரையும் பொறுப்பு என் தலையில். எங்கிருந்து தொடங்குவது ஐயா?

பெயர்களிலிருந்து தொடங்காதீர்கள். கட்டம் போட்டுப் பெயர் எழுதினால், இருக்கிற மேனேஜர்களுக்கு இடம் தேடுவதிலேயே நேரம் போய்விடும். கடைசியாக இழுபறியாகி நின்ற பத்து முடிவுகளை எழுதுங்கள். ஒவ்வொன்றுக்கும் யார் யார் சரி என்று சொல்ல வேண்டியிருந்தது, எத்தனை நாள் நின்றது என்று பக்கத்தில் குறியுங்கள். ஒரே இரண்டு டீம்களின் பெயர் திரும்பத் திரும்ப வந்தால் அந்த எல்லையை மட்டும் மாற்றுங்கள். கம்பெனி முழுக்கக் கலைக்க வேண்டியிருக்காது.

அறிவிப்பு ஒரே நாளில் முடியட்டும். மேனேஜர் மாறுகிற ஒவ்வொருவரிடமும் பழைய மேனேஜர் காலையில் நேரில் சொல்லிவிட வேண்டும், பெரிய மீட்டிங் மதியத்துக்கு மேல். ஸ்லைடில் 'பின்னர் அறிவிக்கப்படும்' என்று ஒரு கட்டம்கூட இருக்கக்கூடாது. அதைப் பார்த்த நாளிலிருந்து அந்தக் கட்டத்துக்குக் கீழே இருப்பவர்கள் ரெஸ்யூமே எழுதத் தொடங்குவார்கள். பழைய மேனேஜரிடம் ஆறு மாதம் செய்த வேலைக்கு அப்ரைசல் குறிப்பை, ஆள் மாறுவதற்கு முன்பே அவர் எழுதிக் கொடுத்துவிட வேண்டும். ஆன்கால் பட்டியலையும் அன்றைக்கே மாற்றுங்கள். அறிவித்த அன்று இரவு பேமெண்ட் சர்வர் விழுந்தால் யாருக்கு ஃபோன் அடிக்கும் என்பதற்குப் பெயரும் நம்பரும் இல்லாமல் அறிவிக்காதீர்கள்.