டிசி வராவிட்டாலும் சேர்க்க வேண்டும்

வணக்கம் சகோதரி. கேரளாவில், சுல்தான் பத்தேரியில் மலையாள மீடியத்தில் நான்காம் வகுப்பு முடித்த மகளை, டிசி (மாற்றுச் சான்றிதழ்) இல்லை என்று நீலகிரி மாவட்டம் கூடலூர் அரசுப் பள்ளியில் திருப்பி அனுப்பியதாக எழுதியிருந்தீர்கள். படித்ததும் மனசு பதறிவிட்டது.

அப்படித் திருப்பி அனுப்பக் கூடாது. 2009 கல்வி உரிமைச் சட்டம், பிரிவு 5: மாநிலம் விட்டு மாநிலம் மாறினாலும், டிசி தாமதம் என்பதற்காகச் சேர்க்கையை மறுக்கவோ தள்ளிப்போடவோ கூடாது. பழைய பள்ளியும் டிசியை உடனே தர வேண்டும். அரசு, உதவிபெறும் பள்ளிகளுக்கு இது பொருந்தும். 1976-இல் கல்வி, மத்திய அரசும் மாநில அரசும் சட்டம் போடக்கூடிய பொதுப்பட்டியலுக்குப் போனது. அதனால் இரு மாநில எல்லையில் இருக்கும் பாட்டவயல் செக்போஸ்ட்டுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் இந்தச் சட்டம் ஒன்றுதான்.

பாடத்திட்டம் மட்டும் அந்தந்த மாநிலத்துடையது. இங்கே தமிழ்நாட்டில் 2006 சட்டப்படி பத்தாம் வகுப்புவரை தமிழ் கட்டாயப் பாடம். நீங்கள் உண்மையில் கவனிக்க வேண்டியது இதைத்தான். ழ, ள, ற எல்லாம் அவள் நாக்குக்குப் பழக்கம்தான். எழுத்து மட்டுமே புதிது. ஒன்றாம் வகுப்புத் தமிழ்ப் புத்தகத்தை வாங்கி இன்றே ஆரம்பியுங்கள். வயதைக் காட்டி ஐந்தாம் வகுப்பே கேளுங்கள், கீழே இறக்கச் சம்மதிக்காதீர்கள்.

நாளைக்குத் தலைமை ஆசிரியரிடம் எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, நகலில் கையெழுத்து வாங்குங்கள். மறுத்தால் அந்த நகலோடு வட்டாரக் கல்வி அலுவலரைப் பாருங்கள்.