மகனுக்குக் கருவிழி புடைக்கிறது: சி3ஆர் செய்யலாமா, காத்திருக்கலாமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஒரு அம்மா கேட்டிருக்கிறார்: "என் மகனுக்கு 17 வயது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை கண்ணாடி பவர் மாறுகிறது. ஸ்கேன் எடுத்துப் பார்த்து, கருவிழி கூம்பு மாதிரி புடைக்கிறது, சி3ஆர் செய்ய வேண்டும் என்கிறார்கள். ப்ளஸ் டூ முடியட்டும் என்று பார்க்கிறோம். பேசாமல் லேசர் செய்து கண்ணாடியையே எடுத்துவிட முடியாதா?"

முதலில் லேசர். வேண்டவே வேண்டாம். இந்த நோய்க்குப் பெயர் கெரட்டோகோனஸ். கருவிழி என்பது கண்ணின் முன்னால் இருக்கும் ஒளி ஊடுருவும் படலம், கார்னியா. அதன் நடுப்பகுதி சாதாரணமாக 540 மைக்ரான், அதாவது அரை மில்லிமீட்டருக்குக் கொஞ்சம் மேல் தடிமன் இருக்கும். இந்த நோயில் அது மெலிந்துகொண்டே போய், தேய்ந்த சைக்கிள் டயரில் டியூப் புடைக்கிற மாதிரி முன்னால் பிதுங்குகிறது. நீங்கள் கேட்கும் லேசர், அதாவது லாசிக், கருவிழியைச் செதுக்கிப் பவரைக் குறைக்கும் சிகிச்சை. ஏற்கெனவே மெலிந்ததைச் செதுக்கினால் என்ன ஆகும், நீங்களே சொல்லுங்கள்.

அப்புறம் சி3ஆர். இதைச் செய்தால் பார்வை தெளிந்துவிடும் என்று பலர் நினைத்துக்கொண்டு வருகிறார்கள், பிறகு ஏமாந்துபோகிறார்கள். புடைப்பு மேலும் வளராமல் நிறுத்துவதுதான் அதன் வேலை. ரைபோஃபிளேவின் சொட்டு மருந்தை, அதாவது பி2 வைட்டமினைக் கருவிழியில் ஊறவிட்டு, அதன்மேல் புற ஊதாக் கதிரைப் பாய்ச்சுவார்கள். உள்ளே இருக்கும் கொலாஜன் என்ற புரத இழைகள் ஒன்றோடொன்று பிணைந்து இறுகும். வழக்கமான முறைக்குக் குறைந்தது 400 மைக்ரான் தடிமன் வேண்டும் என்பதால்தான் தள்ளிப்போடக் கூடாது என்கிறோம். பதின்ம வயதில் இது வேகமாக வளரும். உங்கள் மகனுக்குப் பவர் வேறு மாறிக்கொண்டே இருக்கிறது, அதனால் பரீட்சைக்காகக் காத்திருப்பதை நான் ஏற்கமாட்டேன். மூன்று நான்கு நாள் வலியும் வெளிச்சம் பட்டால் கூச்சமும் இருக்கும், ஒரு வாரம் லீவு போட்டால் போதும். பார்வை மங்கல் சில வாரம் இருக்கலாம், அதைக் கணக்கில் வைத்துத் தேதி கேளுங்கள்.

கண்ணாடியில் தெளிவு கிடைக்காவிட்டால் ஆர்ஜிபி என்ற கெட்டியான காண்டாக்ட் லென்ஸ், அல்லது கண்ணின் வெள்ளைப் பகுதியில் உட்காரும் பெரிய ஸ்கிளீரல் லென்ஸ் உண்டு. முற்றிப்போன சிலருக்குத்தான் கருவிழி மாற்று.

இப்போது நான் உங்களிடம் கேட்க வேண்டியது: பையன் கண்ணைக் கசக்குகிறானா? ஆமாம் என்றால், சிகிச்சையில் பாதி அங்கேதான் இருக்கிறது. கண்டெய்னர் லாரிகள் ஓடும் நம் ஏரியாத் தூசிக்குக் கண் அரிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். தூசி நேராகக் கருவிழியைப் புடைக்க வைப்பதில்லை, அரிப்பில் விரல் முட்டியால் அழுத்தித் தேய்ப்பதுதான் கெடுக்கிறது. அலர்ஜிக்கு டாக்டர் எழுதும் சொட்டு மருந்தை ஒழுங்காகப் போடுங்கள். மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்து உடனே சுகமாக இருக்கும், மாதக்கணக்கில் போட்டால் கண் அழுத்தம் ஏறி, பார்வை நரம்பைக் கெடுக்கும் குளுக்கோமா வரலாம்.

இன்னொரு டாக்டரிடமும் கேட்க நினைத்தால் எழும்பூர் அரசு கண் மருத்துவமனை உங்களுக்குப் பக்கம்தான், 1819இல் தொடங்கியது. பழைய ஸ்கேன்களை எல்லாம் எடுத்துப் போங்கள், வித்தியாசம் பார்த்தால்தான் வேகம் தெரியும். தம்பி தங்கை இருந்தால் அவர்களையும் கூட்டிப் போங்கள், குடும்பத்தில் இன்னொருவருக்கும் இது வர வாய்ப்பு உண்டு.