முதுமலை, சத்தியமங்கலம் புலிக்காடுகள்: கேள்வி பதில்

நீலகிரி, ஈரோடு பக்கத்துப் புலிக்காடுகளைப் பற்றி வந்த கேள்விகள் இவை. ஒரே விஷயத்தைக் கேட்டவற்றைச் சேர்த்துவிட்டேன். அதிகம் பேர் கேட்டது எண்ணிக்கையைப் பற்றித்தான், அதிலிருந்தே தொடங்குகிறேன்.

திருப்பூர், கல்லூரி மாணவர்: தமிழ்நாட்டில் 306 புலி என்கிறார்கள். ஒவ்வொன்றாகவா எண்ணினார்கள் சார்? முன்பெல்லாம் கால்தடத்தை வைத்துத்தானே கணக்கெடுப்பார்கள்?

கால்தடக் கணக்கு போய் வெகுநாளாகிவிட்டது. ராஜஸ்தானின் சரிஸ்காவில் அந்தக் கணக்கின்படி ஏட்டில் புலிகள் இருக்க, காட்டில் ஒன்றுகூட மிஞ்சவில்லை என்பது 2004-05இல் தெரியவந்தது. 2006 கணக்கெடுப்பிலிருந்து தானியங்கிக் கேமராவும் புள்ளியியலும்தான். அந்த 2006இல் தமிழ்நாட்டுக்குக் கிடைத்த எண் 76. நீங்கள் சொல்லும் 306 என்பது 2022இன் மதிப்பீடு.

முதலில் ஒவ்வொரு பீட்டிலும் (ஒரு காவலரின் பொறுப்பில் உள்ள காட்டுப் பகுதி) வேட்டைத் தடுப்புக் காவலர்கள் நடந்து எச்சம், நகக்கீறல், தடம் எல்லாவற்றையும் பதிவு செய்வார்கள். ஒரு பீட்டுக்கு 5 கி.மீ. வீதம் குறைந்தது மூன்று நடை. பிறகு காட்டை 2 சதுர கி.மீ. கட்டங்களாகப் பிரித்து, கட்டத்துக்கு ஒரு ஜோடி கேமரா. வண்டித்தடமோ ஓடைமணலோ, புலி நடப்பதற்கு அடையாளம் உள்ள இடத்தில், தரையிலிருந்து முழங்கால் உயரத்தில், பாதைக்கு இரு பக்கமும் மரத்தில் கட்டுவார்கள். எதற்கு இரண்டு? இடப்பக்க வரியும் வலப்பக்க வரியும் ஒரே புலியில்கூட வேறுவேறாக இருக்கும். ஒரு பக்கம் மட்டும் படமெடுத்தால் ஒரு புலியே இரண்டு புலியாகக் கணக்கில் ஏறிவிடும். இரண்டு கேமராவும் நேருக்கு நேர் பார்த்தாலும் சிக்கல்தான்: ஒன்றின் பிளாஷ் மற்றதன் படத்தை வெளுக்கடித்துவிடும், அதனால் சற்றுத் தள்ளிக் கட்ட வேண்டும். முன்னால் புல் இருந்தால் காற்றில் ஆடி ஆயிரக்கணக்கில் வெற்றுப் படம் விழும், ஆகவே முதல் வேலை புல்லைச் செதுக்குவது. யானை பிடுங்கிப் போடும் என்பதால் இரும்புக் கூடும் வேண்டும்.

குறைந்தது 25 நாள் ஓட விட்டு, வரிகளை மென்பொருளில் ஒப்பிட்டுத் தனித்தனிப் புலிகளைப் பிரிப்பார்கள். ஒரு வயதுக்குக் கீழ் உள்ள குட்டிகள் கணக்கில் வராது. கேமராவில் சிக்காதவை எத்தனை என்பதைப் புள்ளியியல் சொல்லும். 2022இல் நாடு முழுக்க 3,682 என்பது சராசரி; 3,167 முதல் 3,925 வரை இருக்கலாம் என்பதுதான் முழு வாக்கியம். செய்தியில் பாதி வாக்கியம்தான் வருகிறது.

கோத்தகிரி, ஆசிரியை: காடு பச்சைப்பசேலென்றுதான் இருக்கிறது. வாழிடம் சுருங்குகிறது என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்?

இரையை வைத்து. ஒரு புலிக்கு ஆண்டுக்கு ஏறத்தாழ 50 மான் வேண்டும், வாரத்துக்கு ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். மந்தையில் பத்தில் ஒன்றுதான் ஆண்டுக்கு இரையாகப் போகலாம், அதற்கு மேல் போனால் மந்தை தேயும். ஆக ஒரு புலிக்குப் பின்னால் புள்ளிமான், கடமான், காட்டுமாடு, பன்றி எல்லாம் சேர்த்து 500 உருப்படி நிற்க வேண்டும். இரை செழித்த நாகரஹொளே போன்ற காட்டில் ஒரு பெண்புலிக்கு 20 சதுர கி.மீ.கூடத் தேவைப்படாது. இரை அருகிய ரஷ்யத் தூரக்கிழக்கில் 400 சதுர கி.மீ. வேண்டும்.

இப்போது பச்சைக்கு வருவோம். முதுமலையிலும் சத்தியிலும் நீங்கள் பார்க்கிற பச்சையில் பெரும்பங்கு உண்ணிச்செடி (லாண்டானா) என்ற அயல்நாட்டுப் புதர். அயல்நாட்டு மரமான மஞ்சக்கொன்றையும் இருக்கிறது. மாயாறு பள்ளத்தாக்கில் சீமைக்கருவேலம். இவற்றின் அடியில் புல் முளைக்காது. புல் இல்லாத இடத்தில் மான் நிற்காது. வரைபடத்தில் அது காடு, மானுக்கு அது பாலை. மரம் வெட்டினால் ஊரே கத்துகிறது, புல் போனால் கேட்க நாதியில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

கோவை, தன்னார்வக் குழு: உண்ணிச்செடியை வெட்டிக் கொடுக்க நாங்கள் தயார். எப்படிச் செய்வது?

வெட்டாதீர்கள். தரைமட்டத்தில் வெட்டினால் அடுத்த மழைக்கு ஒரு தண்டு இருந்த இடத்தில் பத்து துளிர்க்கும். ஜேசிபி விட்டுப் பெயர்த்தால் மண் கிளறி, புதைந்து கிடந்த விதையெல்லாம் ஒரே நேரத்தில் எழும்பும்.

பலன் தரும் முறை வேரறுப்பு. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர் சி.ஆர். பாபு குழுவினர் கார்பெட் காட்டில் செய்து காட்டியது. காய் பிடிக்கும் முன், மண் ஈரமாக இருக்கும்போது போங்கள். புதரின் அடித்தூரைச் சுற்றி மண்ணை ஒதுக்கி, ஆணிவேரைத் தரைக்கு 3 முதல் 5 செ.மீ. கீழே குந்தாலியால் ஒரே வெட்டாக அறுக்க வேண்டும். துளிர்க்கும் பகுதி அதற்கு மேலேதான் இருக்கிறது. பிறகு இரண்டு பேர் சேர்ந்து புதரைத் தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்துவிடுங்கள், வேர் வானத்தைப் பார்க்க வேண்டும். மண்ணில் பட்டால் திரும்பப் பிடித்துக்கொள்ளும்.

இத்தனையும் கால்வாசி வேலை. கொண்டைக்குருவி மாதிரிப் பறவைகள் பழம் தின்று எந்த மரத்தில் உட்கார்கிறதோ அதன் அடியில்தான் நாற்றுகள் முளைக்கும். அடுத்த இரண்டு மூன்று மழைக்கும் அந்த மரத்தடிகளையும் ஓடைக்கரைகளையும் தேடிப் போய்க் கையால் பிடுங்க வேண்டும். கூடவே பக்கத்துப் புல்வெளியிலிருந்து உள்ளூர்ப் புல் விதை சேகரித்துத் தூவ வேண்டும். காலியாக விட்டால் பார்த்தீனியம் வந்து குந்திக்கொள்ளும். படம் எடுத்துவிட்டுப் போகும் குழுக்கள் தோற்பது இந்த இரண்டாம் ஆண்டில்தான்.

காப்பகத்துக்குள் கள இயக்குநரின் எழுத்து அனுமதி இல்லாமல் கால் வைக்காதீர்கள். புதரை நெருங்கும் முன் சத்தம் கொடுங்கள். உச்சிவெயிலில் புலியும் கரடியும் படுப்பது அதே புதருக்குள். என்னைக் கேட்டால், வார இறுதிக் குழுக்களை விட அங்கேயே வாழும் இருளர், குறும்பர் குடும்பங்களுக்குக் கூலி கொடுத்து மூன்று ஆண்டு செய்ய வைப்பதுதான் நிற்கும்.

அதே குழு: மஞ்சக்கொன்றைக்கும் இதே முறையா?

இல்லை. நாற்றைப் பிடுங்கலாம், ஆனால் மரத்தை வெட்டினால் தூரில் கொத்துக்கொத்தாகத் துளிர்க்கும். பெரிய மரத்துக்குப் பட்டையை ஆள் இடுப்பு உயரத்திலிருந்து தரை வரை, வெளித்தெரியும் வேர் உட்பட, சுற்றிலும் ஒரு விரல் அகலம்கூட மிச்சமில்லாமல் உரிக்க வேண்டும். ஒரு கீற்றுப் பட்டை மிஞ்சினாலும் மரம் பிழைத்துக்கொள்ளும்.

சத்தியமங்கலம், லாரி உரிமையாளர்: திம்பம் ரோட்டில் இரவில் வண்டி விடாததால் எங்களுக்கு நஷ்டம். ஒரு ரோட்டால் புலிக்கு என்ன வந்துவிடப் போகிறது?

நஷ்டம் உண்மைதான், மறுக்கவில்லை. பண்ணாரியிலிருந்து திம்பம் வரை 27 கொண்டை ஊசி வளைவு. வண்டி திரும்பும்போது முன்னால் நிற்கும் விலங்கு ஓட்டுநருக்குத் தெரியாது, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம், விலங்குக்கும் ஒதுங்க இடமில்லை. அதனால்தான் சென்னை உயர் நீதிமன்றம் 2022 பிப்ரவரியில் இரவுத் தடையைக் கண்டிப்பாக அமல்படுத்தச் சொன்னது. பந்திப்பூர் வழியே 2009 முதல் இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை தடை இருக்கிறது.

அடிபட்டுச் சாவதைவிடப் பெரிய கேடு, கடக்காமலே நின்றுவிடுவது. நாகரஹொளே, பந்திப்பூர், வயநாடு, முதுமலை, சத்தியமங்கலம், கர்நாடகத்தின் பி.ஆர்.டி. (பிலிகிரி ரங்கசாமி கோயில் காப்பகம்) ஆகியவை ஒன்றோடொன்று ஒட்டியிருப்பதால்தான் 2018 கணக்கெடுப்பில் இந்தத் தொகுதிக்கு மட்டும் 724 புலிகள். வளர்ந்த ஆண்குட்டி தாயின் எல்லையை விட்டு வெளியே போயே ஆக வேண்டும். வழி அடைபட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஒடிசாவின் சிமிலிபாலைப் பாருங்கள். தனித்துப்போன அந்தக் கூட்டத்தில் நெருங்கிய உறவுக்குள்ளேயே இனம் பெருகி, வரிகள் ஒன்றோடொன்று கலந்த கறுப்புப் புலிகள் பிறக்கின்றன. பார்க்க அழகு, ஆனால் நல்ல அறிகுறி இல்லை.

தீர்வு தடை மட்டும்தான் என்று சொல்லவில்லை. மகாராஷ்டிரத்தில் பெஞ்ச் வழியாகப் போகும் 44ஆம் எண் நெடுஞ்சாலையைத் தூக்கிக் கட்டி, அடியில் 50 மீட்டர் முதல் 750 மீட்டர் வரை அகலமாக 9 இடங்களில் வழி விட்டிருக்கிறார்கள். புலிகள் அதில் நடப்பது கேமராவில் பதிவாகியிருக்கிறது. ஆனால் அது சமதளம். திம்பம் மலைச்சரிவில் அப்படித் தூக்கிக் கட்டுவது நடக்கிற காரியமாகத் தெரியவில்லை.

மசினகுடி வாசகர்: சீகூரில் ரிசார்ட்டை மூடியது யானைக்காக. அதைப் புலிக் கணக்கில் ஏன் சேர்க்கிறீர்கள்?

யானை நடக்கும் வழியில்தான் புலியும் நடக்கிறது. சீகூர் பீடபூமி முதுமலைக்கும் சத்திக்கும் நடுவில் இருக்கும் கழுத்து. உச்ச நீதிமன்றம் 2020 அக்டோபரில் அந்த வலசைப் பாதையை உறுதிசெய்தது. அங்கே ஒரு மின்வேலி போட்டால் அடைபடுவது யானை மட்டும் இல்லை.

கூடலூர், மாடு வளர்ப்பவர்: பசுவைப் புலி அடித்துவிட்டது. உடனே என்ன செய்யணும்ங்க?

செத்த மாட்டை நகர்த்தாதீர்கள். இழுத்துப் புதைத்தால் இரண்டு நஷ்டம்: இழப்பீட்டுக்கு அத்தாட்சி போய்விடும், பசியோடு திரும்பி வரும் புலி இன்னொரு மாட்டைத் தேடும். அன்றைக்கே வனச்சரக அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். தொண்டையில் பல் பதிந்த இடம், தின்ற பாகம், சுற்றியுள்ள தடம் மூன்றையும் பக்கத்தில் ஒரு தீப்பெட்டி வைத்துப் படம் எடுங்கள், அளவு தெரியும். புலி பெரும்பாலும் பின்தொடையிலிருந்து தின்னத் தொடங்கும், சிறுத்தை வயிற்றுப் பக்கமிருந்து. வனவரும் கால்நடை மருத்துவரும் பார்த்துச் சான்று தந்த பிறகுதான் மற்றது.

ஆத்திரத்தில் குருணை மருந்தை (பூச்சிக்கொல்லி விஷம்) பிணத்தில் தூவிவிடாதீர்கள். 2023 செப்டம்பரில் நீலகிரி எமரால்டு பக்கம் விஷம் வைத்த மாட்டைத் தின்று இரண்டு புலிகள் செத்தன, மாட்டுக்காரர் கைதானார். குறைந்தபட்சம் 3 ஆண்டு சிறை உள்ள குற்றம் அது. மாயாற்றுப் பாறு கழுகுகளும் அதே பிணத்தில்தான் இறங்கும்.

இரவில் கூரையும் கதவும் உள்ள கொட்டகை, விடிந்து வெயில் வந்தபின் மேய்ச்சல். புல் அறுப்பவர்கள் தனியாகக் குனிந்திருக்க வேண்டாம். குனிந்த உருவம் புலிக்கு மான் மாதிரித்தான் தெரியும்.

பந்தலூர் வாசகி: மாட்டை அடிக்கிற புலியைப் பிடித்து வேறு காட்டில் விட்டால் என்ன?

நல்ல காட்டில் இடம் காலியாக இருக்காது, ஏற்கெனவே ஒரு புலி இருக்கும். இது அடிபடும், ஓரத்துக்குத் தள்ளப்படும், அந்த ஓரத்தில் ஊர் இருக்கும். 2014இல் கர்நாடகத்தின் சிக்கமகளூரில் பிடித்த புலியை பெலகாவி பக்கத்து பீம்காட் சரணாலயத்தில் விட்டார்கள். அங்கே ஒரு பெண்ணைக் கொன்றது, கடைசியில் சுட்டார்கள். அதனால்தான் 2021 அக்டோபரில் 21 நாள் தேடலுக்குப் பின் மசினகுடி அருகே பிடித்த டி-23 என்ற புலியைக் காட்டில் விடாமல் மைசூரு மறுவாழ்வு மையத்துக்குக் கொண்டுபோனார்கள்.

அம்பாசமுத்திரம் வாசகர்: எங்கள் களக்காடு முண்டந்துறை 1988இலேயே வந்த காப்பகம். ஆனாலும் புலி பெருகவில்லையே, ஏன்?

ஈரமான மழைக்காட்டில் புல் குறைவு, ஆக மான் குறைவு. வடக்கே செங்கோட்டைக் கணவாயில் சாலை, ரயில், தோட்டம், குடியிருப்பு எல்லாம் குறுக்கே நிற்கின்றன. அதற்கும் வடக்கே பாலக்காட்டுக் கணவாய் வேறு. நீலகிரியின் உபரிப் புலி அங்கே வந்து சேர வழியில்லை. 2021இல் ஸ்ரீவில்லிபுத்தூர்–மேகமலை காப்பகமானது நல்லதுதான், ஆனால் செங்கோட்டை இடைவெளியைச் சரிசெய்யாமல் பெரிதாக மாறும் என்று நான் நினைக்கவில்லை.

வால்பாறை, எஸ்டேட் மேற்பார்வையாளர்: எங்கள் வேலியோரம் சுருக்குக்கம்பி கிடைத்தது. பன்றிக்கு வைத்ததாம். எப்படித் தேடி எடுப்பது?

பன்றிக்கு வைத்ததில் புலியும் சிறுத்தையும் மாட்டும். சுருக்குக்கு ஆள் தெரியாது. பெரும்பாலும் பைக் கிளட்ச், பிரேக் கம்பிதான். வேலியின் ஓட்டைகள், பன்றி நடக்கும் ஒற்றையடித்தடம், தண்ணீருக்குப் போகும் வழி மூன்றையும் வாரம் ஒருமுறை இரண்டு பேராகப் பாருங்கள். காலைச் சாய்வெயிலில் கம்பி மினுங்கும். தடத்தின் ஓரம் இளஞ்செடி வளைத்துக் கட்டியிருந்தாலோ, முள்ளை அடுக்கி வழியைக் குறுக்கியிருந்தாலோ அங்கே குனிந்து தேடுங்கள். படம் எடுத்து, இடத்தைக் குறித்து, வனத்துறைக்குச் சொன்ன பிறகு கம்பியை அறுங்கள். வழக்குக்கு அது வேண்டும்.

மாவிலோ பழத்திலோ பொதிந்த உருண்டை கிடந்தால் தொடவே தொடாதீர்கள், காலால் தள்ளவும் வேண்டாம். அவுட்டுக்காயாக இருக்கலாம், அழுத்தினால் வெடிக்கும். சுருக்கில் உயிரோடு விலங்கு மாட்டியிருந்தால் 100 மீட்டருக்கு அப்பால் போய், கூட்டம் சேராமல் தடுத்து, மயக்க மருந்துக் குழு வரும்வரை காத்திருங்கள்.