புது ஹார்டு டிஸ்க்கை நானே மாட்டலாமா?

கேள்வி: செவ்வாய்ப்பேட்டையில் வீட்டோடு சேர்ந்தாற்போல் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறோம். பத்து வருஷத்து டிசைன் படங்கள், ஆர்டர் கணக்கு எல்லாம் ஒரே டெஸ்க்டாப்பில், 500 ஜிபி டிஸ்க்கில் கிடக்கின்றன. இடம் தீர்ந்துபோய் 4 டிபி ஹார்டு டிஸ்க் ஒன்று வாங்கிவிட்டேன். கடையில் மாட்டித் தரச் சொன்னால் சிபியுவை இரண்டு நாள் விட்டுவிட்டுப் போகச் சொல்கிறார்கள். டிசைனை வெளியில் கொடுக்க மனசு வரவில்லை சார். நானே மாட்டலாமா? பழைய டிஸ்க்கும் உள்ளேயே இருக்க வேண்டும்.

பதில்: தாராளமாக மாட்டலாம்ங்க. கொலுசில் முத்து கோக்கிற கைக்கு இது பெரிய வேலையே இல்லை, அரை மணி நேரம் போதும். ஆனால் பட்டறையில் வைத்துத் திறக்காதீர்கள், சிபியுவை வீட்டுக்குள் தூக்கிக்கொண்டு போய்விடுங்கள். ராவிய வெள்ளிப் பொடி உங்கள் பட்டறையில் தரையில், பாயில், வேட்டி மடிப்பில்கூட இருக்கும். எல்லா உலோகத்தையும்விட மின்சாரத்தை நன்றாகக் கடத்துவது வெள்ளிதான். அதில் ஒரு துணுக்கு மதர்போர்டில், அதாவது உள்ளே எல்லாம் வந்து இணையும் பெரிய பலகையில், இரண்டு பின்னுக்கு நடுவே விழுந்தாலே ஷார்ட் ஆகிவிடும். கையை சோப்புப் போட்டுக் கழுவி, ஈரம் போகத் துடைத்துவிட்டு உட்காருங்கள்.

திறப்பதற்கு முன்னால், முக்கியமான படங்களையும் கணக்கையும் ஒரு வெளி டிஸ்க்கிலோ பென் டிரைவிலோ எடுத்து வைத்துவிடுங்கள். இதைச் செய்யாமல் ஸ்க்ரூ டிரைவரைத் தொட வேண்டாம், ஏன் என்று கீழே சொல்கிறேன்.

அப்புறம் ஷட் டவுன் செய்து, பவர் வயரைச் சிபியுவின் பின்னாலிருந்தே பிடுங்கிவிடுங்கள். யூபிஎஸ் இருந்தால் சுவரில் சுவிட்சை அணைத்தாலும் அதிலிருந்து கரண்ட் வந்துகொண்டே இருக்கும், நிறையப் பேர் இதைக் கவனிப்பதில்லை. வயரைப் பிடுங்கிய பிறகு பவர் பட்டனை ஐந்தாறு வினாடி அழுத்திப் பிடித்தால் உள்ளே மிச்சம் இருப்பதும் போய்விடும். புது டிஸ்க்கைக் கவரிலிருந்து எடுக்கும் முன் கேபினெட்டின் பெயின்ட் இல்லாத இரும்புப் பகுதியை ஒரு தடவை தொடுங்கள், உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் அதில் இறங்கிவிடும். டிஸ்க்கின் அடியில் தெரியும் பச்சைப் பலகையில் விரல் படாமல் இரண்டு பக்கவாட்டிலும் பிடிக்க வேண்டும்.

பழைய டிஸ்க் இருக்கும் இடத்தை செல்போனில் ஒரு படம் எடுத்துக்கொள்ளுங்கள். அதன் மேலேயோ கீழேயோ காலி அறை இருக்கும், புதியதை அதில் நுழைத்து, பக்கத்துக்கு இரண்டாக நான்கு ஸ்க்ரூ. இதற்கென்று குட்டையான, மரை கொஞ்சம் அகலமான ஸ்க்ரூ உண்டு. சிடி டிரைவில் இருக்கும் மெல்லிய மரை ஸ்க்ரூவைக் கழற்றி இதில் போட்டால் பிடிக்காது, ஆடிக்கொண்டே இருக்கும். நிமிஷத்துக்கு 5,400 அல்லது 7,200 சுற்றுச் சுற்றும் பொருள் அது, ஆட விடக்கூடாது.

கேபிள் இரண்டுதான். ஏழு பின் உள்ள சின்னது மதர்போர்டிலிருந்து வருவது, சாட்டா கேபிள் என்பார்கள். பதினைந்து பின் உள்ள அகலமானது எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து, அதாவது உள்ளே கரண்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியிலிருந்து வரும் பவர். இரண்டின் வாயும் 'ட' மாதிரி மடங்கி இருப்பதால் தலைகீழாக நுழையாது, நுழையவில்லை என்றால் திருப்பிப் பாருங்கள், அழுத்தாதீர்கள், அந்தப் பிளாஸ்டிக் நாக்கு உடைந்தால் டிஸ்க்கே வீணாகிவிடும். டிஸ்க் மட்டும் தனியாக வாங்கினால் சின்ன கேபிள் பெரும்பாலும் கூட வராது, கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். பவர் வயர் மிச்சம் இல்லையென்று பழைய நான்கு பின் வாயிலிருந்து மாற்றும் கன்வெர்ட்டர் கொடுத்தால், வயர்கள் நுழையும் இடத்தில் ஒரே வார்ப்பாகப் பிளாஸ்டிக் ஊற்றியது வேண்டாம். உள்ளே கம்பிகள் ஒன்றோடொன்று பட்டுத் தீய்ந்துபோவது அந்த வகையில்தான்.

இனி ஆன் செய்தால் புது டிஸ்க் எங்கேயும் தெரியாது. பயப்படாதீர்கள், அப்படித்தான் இருக்கும். ஸ்டார்ட் பட்டனில் ரைட் கிளிக் செய்து டிஸ்க் மேனேஜ்மென்ட்டைத் திறங்கள். இனிஷியலைஸ் செய்யவா என்று கேட்கும், டிஸ்க்கில் இருக்கும் இடத்தைக் கணக்கு வைக்க எம்பிஆர், ஜிபிடி என்று இரண்டு வழி காட்டும். நீங்கள் ஜிபிடியைத் தேர்ந்தெடுக்க வேண்டும். எம்பிஆர் 2 டிபி வரைதான் கணக்கு வைக்கும், உங்கள் டிஸ்க்கில் பாதி இடம் பயன்படாமலே போய்விடும். பிறகு 'அன்அலோகேட்டட்' என்று கறுப்புப் பட்டையோடு தெரியும் இடத்தில் ரைட் கிளிக், நியூ சிம்பிள் வால்யூம், என்டிஎஃப்எஸ், குயிக் ஃபார்மட். ஒரு நிமிஷத்தில் முடிந்துவிடும். 3.63 டிபிதான் காட்டுகிறது என்று கடைக்காரரிடம் சண்டைக்குப் போய்விடாதீர்கள், தயாரிப்பாளர் ஆயிரம் ஆயிரமாக எண்ணுவதை விண்டோஸ் 1,024 ஆக எண்ணுகிறது, அவ்வளவுதான்.

முதலிலேயே காப்பி எடுக்கச் சொன்னது இந்த இடத்துக்காகத்தான். எனக்குத் தெரிந்த போட்டோ ஸ்டூடியோக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் சரியாக மாட்டிவிட்டு, இதே திரையில் நீலப் பட்டை இருந்த பழைய டிஸ்க்கின் மேல் ஃபார்மட் கொடுத்துவிட்டார். மூன்று கல்யாணத்துப் படங்கள் போயின. அந்தப் பெண் வீட்டுக்காரர்கள் வந்து ஒன்றும் பேசாமல் உட்கார்ந்திருந்ததை அவர் சொன்னபோது எனக்கே தொண்டை அடைத்தது. கறுப்புப் பட்டையா, அளவு சரியாக இருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்துவிட்டு ஓகே கொடுங்கள்.

டிஸ்க் மேனேஜ்மென்ட்டிலேயே தெரியவில்லை என்றால் மறுபடி அணைத்து இரண்டு கேபிளையும் கழற்றி மாட்டுங்கள், அப்புறம் மதர்போர்டில் வேறு சாட்டா வாயில் செருகிப் பாருங்கள். சில போர்டுகளில் எம்.2 எஸ்எஸ்டி (போர்டிலேயே நேராகச் செருகும், சுழலும் தட்டு இல்லாத டிஸ்க்) போட்டிருந்தால் ஒரு சாட்டா வாய் தானாகவே வேலை செய்யாமல் நின்றுவிடும்.

படங்களைப் புதியதில் காப்பி செய்ததும் பழையதில் அழித்துவிடாதீர்கள். இரண்டும் ஒரே பெட்டிக்குள் ஒரே எஸ்எம்பிஎஸ்ஸில் இருக்கின்றன, இடி விழுந்து வோல்டேஜ் ஏறினால் இரண்டும் சேர்ந்தே போகலாம். வெளி டிஸ்க்கில் எடுத்த காப்பியை வெள்ளிக் கட்டி வைக்கும் பீரோவிலேயே வையுங்கள்.

கேள்வி: ஏற்காட்டில் காபி எஸ்டேட் ஆபீஸில் வேலை பார்க்கிறேன். சேலத்தில் ஹார்டு டிஸ்க் வாங்கி பைக்கில் மேலே கொண்டுவர வேண்டும். மலை உயரத்தில் டிஸ்க் சீக்கிரம் கெட்டுவிடும் என்று கூட இருப்பவர் சொல்கிறார். உண்மையா?

பதில்: அவர் சொல்வதில் ஒரு விஷயம் இருக்கிறது தம்பி. டிஸ்க்கின் தட்டைத் தொடாமல், சுழற்சியில் எழும் காற்று மெத்தை மேல்தான் அந்தப் படிக்கும் முனை மிதக்கிறது. சாதாரண டிஸ்க்கின் மூடியில் ஒரு குட்டி ஓட்டை இருக்கும், அதை மூடக்கூடாது என்று பக்கத்திலேயே அச்சடித்திருப்பார்கள், உள்ளே வெளியே காற்றழுத்தம் சமமாக இருப்பதற்காக. காற்று ரொம்பவும் மெலிந்தால் முனை தட்டில் உரசும். ஆனால் தயாரிப்பாளர்கள் பொதுவாக 3,000 மீட்டர் வரை ஓட்டலாம் என்கிறார்கள், ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர்தான். கவலையே வேண்டாம்.

இருபது கொண்டை ஊசி வளைவுக்கும் பயப்பட வேண்டாம், ஓடாத டிஸ்க்கில் முனை தட்டை விட்டு ஒதுங்கி நிற்கும். டேங்க் மேல் கட்டாமல், துண்டில் சுற்றி முதுகுப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

மலையில் எனக்குப் பயமெல்லாம் ஈரமும் இடியும்தான். கார்த்திகை, மார்கழியில் ஜன்னலைத் திறந்து வைத்தால் பனிமூட்டம் மேஜை மேலேயே வந்து நிற்கும் ஊர் அது. சிபியு மூடி திறந்திருக்கும்போது ஜன்னலைச் சாத்திவிடுங்கள். குளிர்ந்த டிஸ்க்கைக் கீழே சேலத்துக்குக் கொண்டுவந்தால், ஐஸ் தண்ணீர் டம்ளரில் வேர்ப்பது மாதிரி அதன் மேல் நீர் கோக்கும். இரண்டு மூன்று மணி நேரம் கவரைப் பிரிக்காமலே வைத்திருந்து அப்புறம் மாட்டுங்கள். கோடை மழையில் இடி தொடங்கியதும் சுவரிலிருந்து வயரையே பிடுங்கிவிடுங்கள், நெட் வயரையும் சேர்த்து.

கேள்வி: ஆத்தூரில் காலேஜில் படிக்கிறேன் அண்ணா. எட்டு வருஷப் பழைய கம்ப்யூட்டர், ஆன் ஆவதற்கே ஐந்து நிமிஷம் ஆகிறது. இன்னொரு ஹார்டு டிஸ்க் போட்டால் வேகம் கூடுமா?

பதில்: கூடாதும்மா, இடம்தான் கூடும். அதே காசுக்கு 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்றை வாங்கி விண்டோஸை அதில் போடு. பழைய டிஸ்க்கைப் பாடக் குறிப்புகளுக்கு வைத்துக்கொள். ஹார்டு டிஸ்க் ஒரு ஃபைலைத் தேட முனையை நகர்த்தி நிறுத்தவே பத்து மில்லி செகண்ட் அளவுக்கு எடுக்கும், எஸ்எஸ்டியில் நகர எதுவுமே கிடையாது. கேபிள் அதே இரண்டுதான். ஸ்க்ரூ மட்டும் மாறும், இதற்கு மெல்லிய மரை, சிடி டிரைவில் இருப்பது பொருந்தும். கேபினெட்டில் சின்ன அளவுக்கு அறை இல்லையென்றால் ஒரு பிராக்கெட் கேட்டு வாங்கிக்கொள்.