அந்தச் சந்துக்குப் பூட்டு வேண்டுமா?

வணக்கம் சார்,

சில வருடங்களாக உங்களைப் படிக்கிறேன். பெயர் போட வேண்டாம். எங்கள் குடியிருப்பில் நாற்பது சொச்சம் தனி வீடுகள், எல்லாரும் சொந்த வீட்டுக்காரர்கள். பின்பக்கம் மாடிக் கட்டடங்கள் இரண்டு, அங்கே எல்லாரும் வாடகைக்கு இருப்பவர்கள். நடுவில் இரண்டு ஆள் அகலத்துக்கு ஒரு சந்து. அதில் வந்தால் அவர்களுக்குப் பஸ் நிறுத்தம் நாலு நிமிஷம், சுற்றிப் போனால் கால் மணி நேரம். நான் வீடு வாங்கி 11 வருஷம் ஆகிறது, அதற்கு முன்பிருந்தே நடக்கிறார்கள். போன மாதம் சங்கக் கூட்டத்தில் கேட் போட்டுப் பூட்டுவது என்று முடிவாகி, பூட்டும் வாங்கியாச்சு. பாதை, விளக்கு எல்லாம் எங்கள் பணம், ராத்திரி சத்தம், குப்பை, ஒரு சைக்கிளும் காணாமல் போனது. எல்லாவற்றுக்கும் மேல், இப்படியே விட்டால் நாளைக்கு அது அவர்கள் உரிமையாகிவிடும் என்று வக்கீலாக இருக்கும் ஒரு உறுப்பினர் சொன்னார். நானும் கை தூக்கினேன். ஆனால் தினமும் அந்த வழியாக வேலைக்குப் போகும் ஒரு அம்மா, "கேட் போடறீங்களாமே சார், நாங்க எப்படிப் போறது?" என்று கேட்டபோது எனக்குப் பதில் வரவில்லை. என் மனைவியோ, "இன்னைக்கு இருக்கிறவங்க அடுத்த வருஷம் இருக்கமாட்டாங்க, அவங்களுக்காக நாம எதுக்கு?" என்கிறாள். அவள் சொல்வது சரிதானே? நீங்கள் வாடகைக்காரர் பக்கம்தான் பேசுவீர்கள் என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

எந்தப் பக்கம் பேசுவேன் என்று நீங்களே முடிவு கட்டிவிட்டதால், முதலில் உங்கள் பக்கத்தைப் பேசிவிடுகிறேன். பத்தொன்பது வருடம் வாடகைக்கு இருந்தவன் நான். இப்போது சொந்த வீடு, படுக்கையறை ஜன்னலுக்கு நேர் கீழே ஒரு நடைபாதை. காலை ஐந்தரைக்கு ஒருவர் போனில் ஸ்பீக்கரைப் போட்டுக்கொண்டு அதில் போவார். அவருடைய மைத்துனர் எவ்வளவு கடன் வாங்கியிருக்கிறார், எத்தனை தவணை பாக்கி, ஜாமீன் போட்டது யார் என்பதுவரை எனக்குத் தெரியும். அவர் முகத்தை மட்டும் பார்த்ததில்லை. அதனால் சத்தம் என்று நீங்கள் எழுதினால் அதைச் சால்ஜாப்பு என்று நான் சொல்லமாட்டேன், சத்தம் சத்தம்தான்.

குப்பையும் சைக்கிளும் வேறு. குப்பையைப் போடுவது யார் என்று யாராவது நின்று பார்த்தீர்களா? சைக்கிள் அந்தச் சந்து வழியாகத்தான் போனதா? கடிதத்தில் அது இல்லை, கூட்டத்திலும் யாரும் கேட்டிருக்கமாட்டார்கள் என்று நினைக்கிறேன். இந்த மாதிரிக் கூட்டங்களில் சைக்கிள் காணாமல் போன உடனேயே அது எந்த வழியாகப் போனது என்பதும் முடிவாகிவிடும்.

உங்கள் வக்கீல் உறுப்பினர் சொன்னதுக்கு வருகிறேன், ஏனென்றால் கையைத் தூக்க வைத்தது அதுதான். அவர் சொன்னது பொய்யில்லை. இன்னொருவர் நிலத்தில் நடந்து போகும் உரிமை என்பது ரோமானியர் காலத்துச் சரக்கு. ஜஸ்டினியன் 533-ல் வெளியிட்ட சட்டத் தொகுப்பிலேயே நடந்து போகும் உரிமை தனி, மாடு வண்டி ஓட்டிப் போகும் உரிமை தனி என்று பிரித்துப் பெயர் வைத்திருக்கிறார்கள். பல காலம் நடந்ததாலேயே அப்படி ஒரு உரிமை உண்டாகவும் செய்யும். இங்கிலாந்தின் 1832 சட்டம், இந்தியாவின் 1882 வசதியுரிமைச் சட்டம் இரண்டிலும் அதற்கு 20 வருடக் கணக்கு இருக்கிறது. நாட்டுக்கு நாடு விவரம் மாறும், உங்கள் ஊர்ச் சட்டத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆனால் அடிப்படை ரொம்பப் பழையது: உரிமை உண்டாக வேண்டுமானால் வல்லடியாக நடந்திருக்கக் கூடாது, ஒளிந்து நடந்திருக்கக் கூடாது, அனுமதி வாங்கியும் நடந்திருக்கக் கூடாது.

அந்த மூன்றாவதைக் கவனியுங்கள். அனுமதியின் பேரில் நடப்பவருக்கு எத்தனை வருஷம் நடந்தாலும் உரிமை பிறக்காது. அப்படியானால் உரிமையாகிவிடுமே என்ற பயத்துக்கு மருந்து ஒரு பலகை. 'இது தனியார் நிலம், நடந்து போக அனுமதி உண்டு' என்று எழுதி மாட்டினால் போதும். நியூயார்க்கில் ராக்பெல்லர் சென்டர் என்ற பெரிய கட்டட வளாகத்துக்கு நடுவே ஒரு தனியார் தெரு இருக்கிறது. அது பொதுவழி ஆகிவிடக் கூடாது என்பதற்காக வருஷத்தில் ஒரே ஒரு நாள் அதை அடைக்கிறார்கள். மிச்ச நாளெல்லாம் ஊரே நடக்கிறது. உலகத்திலேயே விலை கூடிய நிலங்களில் ஒன்றை வைத்திருப்பவர்களுக்கு ஒரு நாள் போதுமாக இருக்கிறது, உங்கள் சங்கத்துக்கு 365 நாளும் வேண்டியிருக்கிறது. வக்கீலாக இருப்பவருக்கு இந்தப் பலகை விஷயம் தெரியாமல் இருக்காது. அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள். "பலகையெல்லாம் சரிப்படாது, கேட்தான்" என்று பதில் வந்தால், பிரச்சினை உரிமை இல்லை, அந்த ஆட்கள்தான் என்று வெளிப்படையாகிவிடும். அப்புறம் அதைப் பேசலாம்.

(20 வருடம் ஏற்கனவே தாண்டியிருந்தால் கதையே வேறு. நீங்கள் வருவதற்கு முன்பிருந்தே நடக்கிறார்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். உரிமை ஏற்கனவே உண்டாகியிருந்தால், பூட்டுப் போட்ட மறுவாரம் வக்கீல் நோட்டீஸ் உங்களுக்கு வரும்.)

இப்போது உங்கள் மனைவி சொன்னது. இன்னைக்கு இருக்கிறவர்கள் அடுத்த வருஷம் இருக்கமாட்டார்கள். இதை நான் வேறு வேறு வீடுகளில், வேறு வேறு வாய்களில் கேட்டிருக்கிறேன், ஒருமுறை என் வீட்டுக்காரர் என்னை வைத்துக்கொண்டே சொன்னார். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கும். ஆனால் வழி பாத்தியம், அதாவது இப்படி நடந்து போகும் உரிமை, ஆளுக்குச் சேர்ந்தது இல்லை, வீட்டுக்குச் சேர்ந்தது. பழைய பத்திரங்களை எடுத்துப் பாருங்கள், நடைபாத்தியம் நிலத்தோடுதான் போகும், விற்றவனோடு போகாது. மூன்றாம் மாடியில் இருக்கும் குடும்பம் மார்ச் மாதம் காலி செய்யும், ஏப்ரலில் இன்னொரு குடும்பம் வரும், அவர்களுக்கும் அதே பஸ், அதே நாலு நிமிஷம். ஆள் மாறுகிறது, நடை மாறவில்லையே. உங்கள் 11 வருஷத்தில் அந்தச் சந்து ஒரு நாளாவது ஆளில்லாமல் இருந்ததா? சொல்லப்போனால், உங்கள் நாற்பது வீட்டிலும் எத்தனை பேர் கைமாற்றிவிட்டுப் போயிருப்பார்கள், அதை யாராவது எண்ணினார்களா?

இதில் ஒரு கோணல் இருக்கிறது. உரிமை என்று ஒன்று இருந்தால் அது அந்த மாடிக் கட்டடத்தின் சொந்தக்காரருக்குச் சேரும், அவர் மூலமாகத்தான் வாடகைக்காரருக்கு. அவர் அங்கே குடியிருக்கவில்லை. சந்தில் அவர் கால் பட்டு எத்தனை வருஷமோ. உரிமை உள்ளவர் நடப்பதில்லை, நடப்பவருக்கு உங்கள் கூட்டத்தில் நாற்காலி இல்லை. இந்த இடைவெளியில்தான் கேட் சுலபமாகப் பாஸ் ஆகிறது. அந்தச் சொந்தக்காரரிடம் நீங்கள் பேசவே இல்லை என்று தோன்றுகிறது. பஸ் நிறுத்தம் நாலு நிமிஷம் என்று சொல்லி வாடகை வாங்கும் மனிதர் அவர், பேச வேண்டிய முதல் ஆளும் அவர்தான்.

இங்கிலாந்தில் ஆக்ஸ்போர்டின் வடக்கே கட்டஸ்லோ என்று ஒரு இடம். 1934-ல் அங்கே ஒரு வீட்டு நிறுவனம், நகராட்சி வாடகை வீடுகளில் இருந்தவர்கள் தனியார் வீடுகள் வழியாக நடக்கக் கூடாது என்று தெருவுக்குக் குறுக்கே இரண்டு சுவர் எழுப்பியது. இரண்டு மீட்டருக்கு மேல் உயரம், உச்சியில் இரும்பு முட்கள். பெரிய சாலைக்குப் போக வாடகைப் பக்கத்து ஜனங்கள் சுற்றிக்கொண்டு போக வேண்டும். 1938-ல் நகராட்சியே ரோட் ரோலரை விட்டு இடித்தது, நிறுவனம் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்துத் திரும்பக் கட்டியது. போர்க்காலத்தில் ஒரு ராணுவ டாங்கி தவறுதலாக மோதி உடைத்தது, அதையும் கட்டினார்கள்! கடைசியில் 1959-ல், சுவர் நின்ற ஒன்பது அங்குல அகல நிலத்தை நகராட்சி ஆயிரம் பவுண்டு கொடுத்து வாங்கி இடித்தது. ஒன்பது அங்குலத்துக்கு இருபத்தைந்து வருஷம். சுவர் கட்டியவர்களும் உங்கள் சங்கம் மாதிரிதான், சட்டப்படி சரியாக இருந்தார்கள்.

உங்கள் கணக்கையே எடுத்துக்கொள்கிறேன். நாலு நிமிஷம் கால் மணி ஆனால் ஒரு நடைக்குப் பதினோரு நிமிஷம் கூடுதல், போக வர இருபத்திரண்டு, வருஷத்தில் 300 நாள் என்று வைத்தால் ஓர் ஆளுக்கு 110 மணி நேரம். நாலரை நாள், ராத்திரி பகலாக நடப்பது. காரில் போகிறவர்களுக்கு இந்தக் கணக்கில் ஒரு நிமிஷம்கூட நஷ்டமில்லை, கூட்டத்தில் கை தூக்கியவர்களில் பெரும்பாலோர் அவர்களாகத்தான் இருப்பார்கள்.

நான் வாடகைக்கு இருந்த ஒரு வீட்டின் பின்பக்கமும் இப்படிக் கேட் போட்டார்கள். பச்சைப் பெயின்ட், சங்கிலி, பித்தளைப் பூட்டு. முதல் வாரம் பெரியவர்கள் சுற்றிப் போனோம். பிள்ளைகள் போகவில்லை. கேட்டுக்கும் மதிலுக்கும் நடுவே ஒரு சாணுக்கும் குறைவான இடைவெளி. முதலில் புத்தகப் பை போகும், அப்புறம் தண்ணீர் பாட்டில், அப்புறம் ஒரு தோள், மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு வயிறு, கடைசியில் தலை. தலை மாட்டிக்கொண்ட பிள்ளைக்குக் காதை மடக்கிப் பிடித்து வெளியே இழுத்துவிட இன்னொரு பிள்ளை தயாராக நிற்கும். இரண்டு மாதத்தில் அந்த இடத்தில் மட்டும் பெயின்ட் உரிந்து கம்பி பளபளவென்று இருந்தது. சங்கத்தினர் அதைப் பார்த்துவிட்டு முள்கம்பி சுற்றினார்கள். நான் காலி செய்தது அதற்கு அடுத்த மாதம், காரணம் அது மட்டும் இல்லை.

சரி, என்ன செய்யலாம் என்று கேட்பீர்கள். முதலில் மனை வரைபடத்தை எடுத்துச் சந்து யார் பெயரில் இருக்கிறது என்று பாருங்கள். அது உங்கள் சங்கத்தின் இடமே இல்லை, பொது ஒதுக்கீடு என்றுகூட இருக்கலாம். அப்படியானால் பேச்சே முடிந்தது. உங்கள் இடம்தான் என்றால் பலகை மாட்டுங்கள். நடைக்கு மட்டும் வழி, பைக் கூடாது என்றால் நடுவில் ஒரு தூண் நடுங்கள், சத்தத்தில் பாதி அதிலேயே போய்விடும். விளக்குச் செலவில் ஒரு பங்கை அந்தக் கட்டடச் சொந்தக்காரரிடம் கேளுங்கள், கொடுப்பார், வாடகை போகும் பயம் அவருக்கும் உண்டு. குடியிருப்பவர்களுக்குச் சாவி கொடுக்கலாம் என்று கூட்டத்தில் யாராவது இரக்கப்பட்டுச் சொல்வார்கள், அதில் விழுந்துவிடாதீர்கள். எத்தனை சாவி, காலி செய்பவரிடம் யார் திருப்பி வாங்குவது, தொலைத்தால் என்ன என்று ஆறு மாதத்தில் சாவிக்கென்றே ஒரு கமிட்டி தேவைப்படும்.

அனுமதிப் பலகையிலும் ஒரு குத்தல் இருக்கத்தான் செய்கிறது. இத்தனை வருஷம் சும்மா நடந்தவர்கள், இனிமேல் உங்கள் தயவில் நடப்பவர்கள் ஆகிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை, ஆனால் முள்கம்பிக்கு அது மேல்.

அந்த அம்மாவிடம் நீங்கள் இன்னும் பேசவில்லை என்று நினைக்கிறேன். அவர் எத்தனை மணிக்குச் சந்தில் வருவார் என்பது உங்களுக்குத் தெரியும். பூட்டைப் பிரிக்கவில்லை என்றால் கடையில் திருப்பிக் கொடுத்துவிடலாம், பில் யாரிடம் இருக்கிறது என்று பாருங்கள்.