ஜெபக் குறிப்பு யாருடையது?

அன்புள்ள ஐயா,

ஏழெட்டுப் பேர் வாரம் ஒருமுறை கூடும் ஜெபக் குழுவில் மூன்று வருடமாக இருக்கிறேன். என் கணவரும் நானும் பேசிக்கொள்ளாமல் இருந்த ஒரு சமயத்தில், அழுதுகொண்டே அதைக் குழுவில் சொன்னேன். இரண்டு வாரம் கழித்து, குழுவிலேயே இல்லாத ஒரு அக்கா வந்து, "உங்க குடும்பத்துக்காகப் பாரத்தோட ஜெபிக்கிறேன்" என்றார். குழுவில் கேட்டால், "ஜெபத்துக்காகத்தானே சொன்னோம்" என்கிறார்கள். இப்போதெல்லாம் என் முறை வந்தால் "பயணப் பாதுகாப்பு" என்று எதையாவது சொல்லிச் சமாளிக்கிறேன். விலகிவிடலாமா?

(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

அன்புள்ள சகோதரி,

படித்ததும் வெட்கமாக இருந்தது. இதே வேலையை நானும் செய்திருக்கிறேன். குழுவில் ஒருவர் தன் மகனைப் பற்றிச் சொன்னதை, "நீங்களும் ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்று வெளியே இன்னொருவரிடம் சொன்னேன். மனதில் பாரம் இருந்தது உண்மை. கூடவே, விஷயம் எனக்கு முதலில் தெரியும் என்கிற சின்னக் குஷியும் இருந்தது. வீடு திரும்பிய பிறகுதான் உறைத்தது: அந்தப் பையனுக்காக அதுவரை நான் ஒருமுறைகூட ஜெபித்திருக்கவில்லை.

ஜெபக் குறிப்பு, அதாவது ஜெபிக்கச் சொல்லி ஒருவர் குழுவில் பகிரும் விஷயம், அதைச் சொன்னவருக்குச் சொந்தம். கேட்டவர்கள் அவரிடம் அனுமதி வாங்காமல் அதை வெளியே கொண்டுபோகக் கூடாது. "உங்கள் குற்றங்களை ஒருவருக்கொருவர் அறிக்கையிட்டு, ஒருவருக்காக ஒருவர் ஜெபம்பண்ணுங்கள்" என்கிறது யாக்கோபு 5:16. அடுத்தவர் குற்றங்களை என்று அதில் இல்லை. மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி 1738-ல் சிறு குழுக்களுக்கு எழுதிய விதிகள் இந்த வசனத்தை வைத்துத்தான் தொடங்குகின்றன. ஒவ்வொருவரும் தன் ஆத்துமாவின் நிலையைத் தானே சொல்ல வேண்டும் என்பது அவற்றில் ஒன்று.

அப்புறம், இந்த விவரப் பசி. "என்னாச்சு, எப்போதிருந்து, அவர் என்ன சொன்னார்" என்று நாற்பது நிமிடம் கேட்டுவிட்டு ஐந்து நிமிடம் ஜெபிக்கிற குழுக்கள் எத்தனை! லாசரு நோயாகக் கிடந்தபோது அவனுடைய சகோதரிகள் இயேசுவுக்குச் சொல்லி அனுப்பியது ஒரே வரி: "ஆண்டவரே, நீர் சிநேகிக்கிறவன் வியாதியாயிருக்கிறான்" (யோவான் 11:3). அதில் பெயர் இல்லை, என்ன வியாதி என்று இல்லை, வந்து இன்னது செய்யும் என்ற கோரிக்கைகூட இல்லை. விவரம் தேவைப்படுவது நமக்குத்தான்.

விலகுவதற்கு முன் ஒரு காரியம் செய்யுங்கள். வெளியே சொன்னவர் யார் என்று தெரிந்தால், அவரிடம் தனியாகப் போய், "நீங்கள் சொன்னது எனக்கு வலித்தது" என்று நேராகச் சொல்லுங்கள். குழுவில் வைத்துப் பொதுவாகச் சொன்னால் எல்லோரும் தலையாட்டுவார்கள், யாரும் தன்னைச் சொன்னதாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள். தயவுசெய்து அதை ஜெபத்தில் சொல்லிவிடாதீர்கள். "ஆண்டவரே, நாவை அடக்க எங்களுக்குக் கற்றுத்தாரும்" என்று கண்ணை மூடிக்கொண்டு ஒருவரைக் குத்துவது நம்மிடையே நன்றாகப் பழகிப்போன கலை.

அவர் வருந்தினால், இருங்கள். "இதில் என்ன தப்பு" என்றால், குழுவை நடத்துபவரிடம் சொல்லுங்கள். அவரும் சிரித்துத் தள்ளிவிட்டால் விலகுவதில் பாவம் ஒன்றும் இல்லை. நம்பகமான ஒரே ஒருவரோடு சேர்ந்து ஜெபிப்பதும் சபைக்கு வெளியே போவது ஆகாது.

ஒன்று மட்டும் விலக்கு. அடி உதை, உயிருக்கு ஆபத்து என்று யாராவது சொன்னால் அதை ஜெபக் குறிப்பாகப் பூட்டி வைக்கக் கூடாது. உதவி செய்யக்கூடியவர்களிடம் போக வேண்டும், அதையும் அவரிடம் சொல்லிவிட்டே போக வேண்டும்.

சரி, அடுத்த வாரம் உங்கள் முறை வரும். பயணப் பாதுகாப்பு வேண்டாம். "என் வீட்டுக்காக ஜெபியுங்கள்" என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். "என்ன விஷயம்?" என்று கேட்காமல் யார் முதலில் கண்ணை மூடுகிறார் என்று கவனியுங்கள்.