‘எழுதாதே’ என்று சொல்லாதது போதுமா?

கேள்வி: எனக்கு வயது 33. திருமணத்துக்கு முன்பு ஒரு சிறுகதைத் தொகுப்பு வந்தது. உங்கள் இதழிலும் மூன்று கதைகள் வந்திருக்கின்றன. மகளுக்கு ஐந்து வயது, மகனுக்கு ஒன்றரை. தொடங்கிய நாவல் ஏழாம் அத்தியாயத்தில் இரண்டு ஆண்டுகளாக நிற்கிறது. கணவர் நல்லவர், எழுதாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை. “பிள்ளைகள் வளரட்டும், எழுத்து எங்கே ஓடிப்போகிறது?” என்கிறார் மாமியார். இலக்கியக் கூட்டம் ஒன்றில் மூத்த எழுத்தாளர் ஒருவர், “குழந்தைகள்தாம் அம்மா உன் மிகச் சிறந்த படைப்பு” என்று தலையில் கை வைத்துச் சொன்னார். எழுத உட்கார்ந்தால் மகள் வந்து மடியில் ஏறுகிறாள். எரிந்து விழுகிறேன். பிறகு அவள் தூங்கும் முகத்தைப் பார்த்து அழுகிறேன். நான் சுயநலக்காரியா? தாய், எழுத்தாளர், இந்த இரண்டில் எதை விடுவது?

(பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகி)

பதில்: உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். முதல் பக்கம் நீல மையில் இருக்கிறது. மூன்றாம் பக்கத்தின் நடுவில் “ஆகவே நான்” என்று எழுதி நிறுத்தியிருக்கிறீர்கள். அடுத்த வரி கறுப்பு மையில், வேறு விஷயத்தில் தொடங்குகிறது. அந்தப் பக்கத்தின் குறுக்கே ஊதா நிறக் க்ரேயான் கோடு ஒன்று ஓடி, ஓரத்தில் சுழியாக முடிகிறது. நான்கு பக்கம் எழுதி முடிக்க எத்தனை நாள் ஆயிற்று? எத்தனை முறை எழுந்து போனீர்கள்? கடிதத்தில் உள்ள எல்லாவற்றையும்விட அந்த அறுந்த வரிதான் எனக்கு அதிகம் சொன்னது.

எதையும் விட வேண்டாம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கேள்வியைத் தப்பாகப் போட்டிருக்கிறீர்கள். அப்படிப் போடத்தான் உங்களுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள். ஒரு தட்டில் பிள்ளைகளையும் மறு தட்டில் நாவலையும் வைத்துத் தராசைப் பிடித்துக்கொண்டு நிற்கிறீர்கள். அந்த வீட்டில் இன்னும் இரண்டு பெரியவர்கள் இருக்கிறார்களே! அவர்களுடைய பொழுது அந்தத் தராசில் ஏறவே இல்லையே, ஏன்?

கணவர் “எழுதாதே என்று ஒருநாளும் சொன்னதில்லை” என்று நன்றியோடு எழுதியிருக்கிறீர்கள். அவர் நல்லவர்தான், நம்புகிறேன். “நீ உள்ளே போய் எழுது, பிள்ளைகளை நான் பார்த்துக்கொள்கிறேன்” என்று என்றைக்காவது சொல்லியிருக்கிறாரா? கடிதம் முழுக்கத் தேடினேன், அந்த வாக்கியம் கிடைக்கவில்லை. ஒன்றரை வயதுப் பிள்ளை இடுப்பில் இருக்கும்போது ‘நீ எழுதலாம்’ என்ற அனுமதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது? பேனா பிடிக்கக் கை வேண்டும்.

உங்கள் வீட்டுக் கதை மட்டும் இது என்று நினைக்காதீர்கள். தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2019இல் நாடு முழுக்க ஒரு நேரப் பயன்பாட்டு ஆய்வு நடத்தியது. அதன்படி, தன் வீட்டு வேலையைச் செய்யும் பெண் ஒரு நாளில் அதற்குச் சராசரியாகக் கொடுத்த நேரம் 299 நிமிடம். தன் வீட்டு வேலையைச் செய்யும் ஆண் கொடுத்தது 97 நிமிடம். அதிலும், அந்த வேலையில் கைவைத்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தாம். பெண்கள் 81 பேர். பிள்ளை பார்ப்பது, முதியோரைக் கவனிப்பது எல்லாம் இந்தக் கணக்கில் சேராது, அது தனி. உங்கள் நாவல் எங்கே நிற்கிறது என்று கேட்டீர்களானால், அந்த 299 நிமிடத்துக்குள் நிற்கிறது. உங்கள் மகளின் மேல் ஏன் எரிந்து விழ வேண்டும்? அவள் ஐந்து வயதுப் பெண், அம்மா மடியைத் தேடி வருகிறாள். மடியைத் தவிர வேறு இடம் அந்த வீட்டில் அவளுக்குக் காட்டப்படவில்லை.

அந்த மூத்த எழுத்தாளர் சொன்னது எனக்கு உண்மையிலேயே கோபத்தை உண்டாக்கியது. குழந்தை யாருடைய படைப்பும் அல்ல. அது ஒரு தனி உயிர். நாளைக்கு உங்கள் மகள் உங்களுக்குப் பிடிக்காத படிப்பைப் படிப்பாள், பிடிக்காத கட்சிக்கு ஓட்டுப் போடுவாள், அது அவள் உரிமை. நாவல் அப்படி இல்லை. ஒவ்வொரு வரியும் நீங்கள் உட்கார்ந்து எழுதினால்தான் உண்டு. வயிற்றில் இருக்கும் பிள்ளை நீங்கள் தூங்கினாலும் வளரும். நீங்கள் தூங்கும்போது ஏழாம் அத்தியாயம் ஒரு வரிகூட வளராது. பிரசவத்தையும் எழுத்தையும் ஒப்பிட்டுப் பேசுவது மேடையில் கைதட்டல் வாங்கும். அந்த ஒப்பீடு ஒரு பெண்ணிடம் ‘உனக்கு வேண்டியது கிடைத்துவிட்டது, இனி வீட்டுக்குப் போ’ என்று சொல்வதற்கே பெரும்பாலும் பயன்பட்டிருக்கிறது. மூன்று பிள்ளைகள் உள்ள ஓர் ஆண் எழுத்தாளரின் தலையில் கை வைத்து யாராவது இதைச் சொல்லிப் பார்த்திருக்கிறீர்களா?

மாமியார் சொன்னதை அப்படி ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. அவருக்கும் அந்தக் காலத்தில் யாரோ ‘பொறு’ என்று சொல்லியிருப்பார்கள், அவரும் பொறுத்திருப்பார். ஆனால் “எழுத்து எங்கே ஓடிப்போகிறது?” என்பதற்கு என் பதில்: ஓடிப்போகும். 33 வயதில் காதில் விழும் வாக்கியம் 50இல் விழாது. வேறு வாக்கியம் விழலாம், அது வேறு நாவல். இந்த நாவலில் வரும் ஆட்களின் பேச்சு, அந்தத் தெருவின் மணம், நீங்கள் இன்னும் மறக்காத அந்தக் கோபம், இவையெல்லாம் பரணில் ஏற்றி வைத்து வேண்டும்போது இறக்கிக்கொள்ளும் பாத்திரங்கள் அல்ல.

காத்திருந்தவர்களைக் காட்டி உங்களுக்கு ஆறுதல் சொல்ல நாலு பேர் வருவார்கள். லலிதாம்பிகா அந்தர்ஜனத்தைச் சொல்வார்கள். 1909இல் நம்பூதிரிக் குடும்பத்தில் பிறந்தவர். பல பிள்ளைகளைப் பெற்று வளர்த்துக்கொண்டே மலையாளத்தில் சிறுகதைகளும் கவிதைகளும் எழுதினார். அவருடைய ஒரே நாவலான ‘அக்னிசாட்சி’ நூலாக வந்தது 1976இல். அப்போது அவருக்கு 67 வயது. அடுத்த ஆண்டே சாகித்திய அகாதெமி விருது. “பார், 67 வயதிலும் எழுதலாம்” என்பார்கள். நான் அதே செய்தியைத் துக்கத்தோடுதான் படிக்கிறேன். அப்படி ஒரு நாவல் எழுதக்கூடியவர் 35இல், 45இல், 55இல் என்னென்ன எழுதியிருப்பார்? அந்த நாவல்கள் எங்கே? வராமல் போன புத்தகத்துக்கு எந்த நூலகத்திலும் பதிவு எண் கிடையாது. அதனால் இழப்பு யார் கணக்கிலும் ஏறுவதில்லை.

இன்னொரு பெயரும் சொல்வார்கள். சல்மா. துவரங்குறிச்சியில் திருமணமாகி வீட்டுக்குள் இருந்த காலத்தில், இரவில் எல்லாரும் தூங்கிய பிறகு கழிப்பறையில் நின்றுகொண்டு கவிதை எழுதினார், ஒளித்து வைத்தார். அவர் கவிதைகள் நூலானது 2000இல். அவருடைய துணிச்சலுக்கு முன்னால் நான் தலை வணங்குகிறேன். ஆனால் அதை எடுத்துக்காட்டாக உங்களிடம் நீட்ட மாட்டேன். ஒரு கவிஞருக்குத் தன் வீட்டில் கழிப்பறையைத் தவிர வேறு இடம் இருக்கவில்லை என்பது நாமெல்லாம் வெட்கப்பட வேண்டிய செய்தி. அதைச் சாதனைக் கதையாகச் சொல்லிச் சொல்லி, ‘உண்மையான ஆர்வம் இருந்தால் எப்படியும் எழுதலாம்’ என்று மற்றப் பெண்களின் தலையில் ஏற்றுவது கொடுமை. ஆர்வம் இல்லாததால் நின்றதா உங்கள் ஏழாம் அத்தியாயம்?

புதுமைப்பித்தனை எல்லாரும் படிக்கிறோம், படிக்க வேண்டும். 1948இல் அவர் இறந்தபோது மகள் தினகரி சின்னக் குழந்தை. கைக்குழந்தையை வைத்துக்கொண்டு எப்படி எழுதினார் என்று அவரைப் பற்றிய எந்தக் கட்டுரையிலும் நான் கேள்வி பார்த்ததில்லை. அவர் மனைவி கமலா விருத்தாசலமும் சிறுகதைகள் எழுதியவர். எத்தனை பேருக்குத் தெரியும்? கணவர் எழுதிய கடிதங்களைப் பெற்றுக்கொண்டவராகத்தான் அவரை நமக்குத் தெரியும். அந்தக் குழந்தையை வளர்த்தவர் அவர்.

இதில் எங்கள் பங்கும் இருக்கிறது. 22 ஆண்டுகளாக இந்த மேசையில் இருக்கிறேன். மகளிர் சிறப்பிதழ் வந்தால் பெண் எழுத்தாளர்களிடம் “குடும்பத்தையும் எழுத்தையும் எப்படிச் சமாளிக்கிறீர்கள்?” என்று கேட்டு வாங்கிப் போடுவோம். ஆண் எழுத்தாளர் ஒருவரிடமும் அதைக் கேட்டதில்லை. அந்தக் கேள்வியை நானே எழுதிக் கொடுத்திருக்கிறேன். தவறு. இனி இந்த இதழில் அது இடம்பெறாது. பெண்களிடமிருந்து கதைகளோடு வரும் கடிதங்களில் மன்னிப்புகள் அதிகம் இருப்பதையும் கவனித்திருக்கிறேன். தாமதத்துக்கு, கையெழுத்துக்கு, எங்கள் நேரத்தை எடுத்துக்கொண்டதற்கு. உங்கள் நான்கு பக்கத்தில் ஐந்து இடத்தில் மன்னிப்பு இருக்கிறது. எதற்கு?

சரி, வீட்டில் என்ன செய்வது? முதலில், கணவரிடம் நேரம் கேளுங்கள். ‘கொஞ்சம் உதவுங்கள்’ என்று கேட்காதீர்கள். உதவி என்று சொன்னால் வேலை உங்களுடையது, அவர் தயவு செய்கிறார் என்று ஆகிவிடும். இன்ன கிழமை, இத்தனை மணி முதல் இத்தனை மணி வரை என்று பேசி முடிவெடுங்கள். வாரத்தில் நான்கு நாள், ஒன்றரை மணி நேரம். அந்த நேரத்தில் பிள்ளைகளின் பால், பசி, அழுகை, கால் கழுவுவது எல்லாம் அவர் பொறுப்பு. சட்டை எங்கே, பவுடர் எங்கே என்று கதவைத் தட்டக் கூடாது. முதல் வாரம் தட்டுவார். பதில் சொல்லாதீர்கள். அவரே தேடி எடுப்பார்.

எல்லாரும் தூங்கிய பிறகு எழுதுகிறேன் என்று மட்டும் ஒப்புக்கொள்ளாதீர்கள். வங்காளத்தில் ஆஷாபூர்ணா தேவி அப்படித்தான் எழுதினார். பள்ளிக்கூடம் போகாதவர், மூன்று பிள்ளைகளின் தாய், வீட்டு வேலை முழுக்க முடித்துவிட்டு எழுதி, 1976இல் ஞானபீடம் பெற்ற முதல் பெண் எழுத்தாளர் ஆனார். அவருடைய உடம்பு அதைத் தாங்கியது. இரவில் இரண்டு முறை எழுந்து பால் கொடுக்கும் உங்களிடம் அந்தத் தூக்கத்தையும் விட்டுக்கொடுங்கள் என்று நான் எப்படிச் சொல்வேன்?

நம் ஊரிலேயே நூறு ஆண்டுக்கு முன்பு இது வேறு மாதிரியும் நடந்திருக்கிறது. வை.மு. கோதைநாயகி ஐந்தரை வயதில் திருமணமானவர், பள்ளிப் படிப்பு இல்லாதவர். முதல் நாடகத்தை அவர் சொல்லச் சொல்லத் தோழி எழுதினார். 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழை எடுத்து நடத்தி, 115 நாவல்கள் எழுதினார். ஒரு மகனை வளர்த்தார், சிறைக்கும் போனார். கணவர் துணை நின்றார், தோழி தன் கையைக் கொடுத்தார். அவர் திறமைக்கு இதனால் ஒரு குறையும் வந்துவிடவில்லை.

பிள்ளைக்குக் காய்ச்சல் அடிக்கும் நாளில் எழுத முடியாது. எழுதவும் வேண்டாம். அன்றைக்குப் போகும் வரி போகட்டும், அதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் ஆண்டில் எத்தனை நாள் காய்ச்சல்? மற்ற நாள்களில் மகளுக்கு ஒரு நோட்டும் அந்த ஊதாக் க்ரேயானும் கொடுத்து, “அம்மா எழுதுகிறேன், மணி அடித்ததும் வருகிறேன்” என்று சொல்லுங்கள். மணி அடித்ததும் போய்விடுங்கள். சொன்னபடி போனால் ஐந்து வயதுக்கு அது புரியும். சுயநலக்காரியா என்று கேட்டீர்களே, தூங்கும் பிள்ளையின் முகத்தைப் பார்த்து அழுகிறவரிடம் அந்தச் சொல்லைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள்தாம் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

ஏழாம் அத்தியாயத்தை எனக்கு அனுப்புங்கள். கையெழுத்துப் படியாகவே அனுப்பலாம், தட்டச்சு நாங்கள் செய்துகொள்கிறோம். கோடு, கறை, கிழிசல் எது இருந்தாலும் பரவாயில்லை. எப்போது முடிகிறதோ அப்போது என்று சொல்ல மாட்டேன், கெடு இல்லாத வேலை உங்கள் வீட்டில் கடைசிக்குத் தள்ளப்பட்டுவிடும். பொங்கலுக்கு முன் என் கைக்கு வர வேண்டும். ஆசிரியர் கேட்கிறார் என்று வீட்டில் சொல்லுங்கள், இந்தப் பக்கத்தையே எடுத்துக் காட்டுங்கள். கடிதத்தின் மூன்றாம் பக்கத்தை நகலெடுத்து உங்கள் முகவரிக்குத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். ‘ஆகவே நான்’ என்பதற்குப் பிறகு என்ன எழுத வந்தீர்கள் என்பதை அதிலேயே எழுதி, அத்தியாயத்தோடு வைத்து அனுப்புங்கள்.